ஓவியத்துக்கும் உறுதி வேண்டும்

(றிச்மண்ட் ஹில்லிலிருந்து இணையவழி நேரலையாக நடந்த இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கும், இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் நேரங்கெட்ட நேரத்தில் கண்விழித்துக் கேட்பவர்களுக்கும் நன்றி.

இலக்கியச் சந்திப்பில் ஓவியத்தின் விலையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் ஓவியத்தைப் பற்றிக் கதைக்கும்போது கோடு, நிறம், பாணி, காலம் என்றுதான் கதைப்போம். காசைப் பற்றிக் கதைத்தால் கலைக்கு இழுக்கு என்று ஓர் எண்ணம் எங்களிடம் இருக்கிறது. ஆனால் ஓர் ஓவியம் ஐம்பது வருடம் கழித்தும் இருக்குமா இல்லையா என்பதைப் பல வேளைகளில் விலைதான் முடிவுசெய்கிறது. விலையுள்ள பொருளை யாரும் மழையில் நனையவிடுவதில்லை. வீடு மாறும்போது குப்பையில் போடுவதில்லை. ஆகவே விலை எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்வது எங்கள் ஓவியர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்துகொள்வதும்தான்.

இன்றைக்கு இரண்டு காரியங்களைச் செய்யப் பார்க்கிறேன். பெரிய கலரிகள் விலையை எப்படி வைக்கின்றன, யாருக்கு எப்படி விற்கின்றன என்பது முதலாவது. அதில் எங்களுக்கு என்ன பாடம் என்பது இரண்டாவது.

சுத்தியல் விலை

எங்கள் ஊரிலேயே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2016 நவம்பரில் ரொறன்ரோவில் ஹெஃபெல் என்ற ஏல நிறுவனம் லோறன் ஹரிஸ் வரைந்த ‘மலை வடிவங்கள்’ என்ற ஓவியத்தை ஏலத்தில் விட்டது. ஹரிஸ் கனடாவின் புகழ்பெற்ற ‘எழுவர் குழு’ ஓவியர்களில் ஒருவர். அந்தக் குழுவின் ஓவியங்களை எங்களுக்குப் பக்கத்திலே, கிளைன்பேர்க்கில் இருக்கிற மக்மைக்கல் கலைக்கூடத்தில் போய்ப் பார்க்கலாம். ஏலத்துக்கு முன் அந்த ஓவியத்துக்கு 3 முதல் 5 மில்லியன் டொலர் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். சுத்தியல் விழுந்தது 9.5 மில்லியனில். அதற்கு மேல் வாங்குபவர் கொடுக்கவேண்டிய கட்டணம் நூற்றுக்கு 18. மொத்தம் 11.21 மில்லியன் டொலர்.

செய்தித்தாளில் நாங்கள் படிப்பது இந்த மாதிரி விலைகளைத்தான். இது ஓவியச் சந்தையின் இரண்டாவது படி. ஒருவர் ஏற்கனவே வாங்கி வைத்திருந்ததை மறுபடி விற்கும் இடம் அது. அங்கே விலை எல்லோர் முன்னாலும் கூடுகிறது, எல்லோருக்கும் தெரிகிறது. ஹரிஸ் 1970இல் இறந்துவிட்டார். அந்தப் 11 மில்லியனில் ஓவியரின் கைக்குப் போனது ஒன்றுமில்லை.

முதற்படி வேறு. ஓவியர் வரைந்து முடித்த படம் முதன்முதலாக விலைக்கு வரும் இடம் கலரி. ககோசியன், டேவிட் ஸ்வர்னர், ஹவுசர் அண்ட் வேர்த், பேஸ் என்று உலகத்தின் பல நகரங்களில் கிளை வைத்திருக்கிற பெரிய கலரிகள் இருக்கின்றன. அங்கே போனால் சுவரில் படம் இருக்கும், விலை இருக்காது. கடைகள் விலையைக் காட்டவேண்டும் என்ற நுகர்வோர் சட்டம் நியூயோர்க் நகரில் இருக்கிறது. 1988இல் நகர அதிகாரிகள் கலரிகளுக்குப் போய் விலை ஏன் போடவில்லை என்று அபராதம் விதித்துப் பார்த்தார்கள். இன்றைக்கும் பெரிய கலரிகளில் விலையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கிறவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

அடியளந்து விலை

அந்த விலை எப்படி வந்தது? இங்கேதான் பலருக்கு ஆச்சரியம் வரும். உயிருள்ள ஓவியரின் படங்களுக்குக் கலரிகள் பெரும்பாலும் அளவைப் பார்த்துத்தான் விலை வைக்கின்றன. ஒல்லாந்துச் சமூகவியலாளர் ஒலாவ் வெல்துயிஸ் அம்ஸ்ரடாமிலும் நியூயோர்க்கிலும் கலரிக்காரர்களோடு பேசி, 2005இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டதும் இதுதான்: ஒரே ஓவியர், ஒரே காலம், ஒரே ஊடகம் என்றால் பெரிய படத்துக்குக் கூடிய விலை, சின்னப் படத்துக்குக் குறைந்த விலை.

ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் இதற்கு ஒரு கணக்கே உண்டு. படத்தின் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி, அந்த ஓவியருக்குரிய ஓர் எண்ணால் பெருக்குவார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். உயரம் 80 சென்ரிமீற்றர், அகலம் 100 சென்ரிமீற்றர் என்றால் கூட்டுத்தொகை 180. புதிதாகப் படித்து முடித்து வந்த ஓவியரின் எண் 10 என்று வைத்தால் விலை 1,800 யூரோ. பத்து வருடம் கழித்து அதே ஓவியரின் எண் 40 ஆகிவிட்டால் அதே அளவு படம் 7,200 யூரோ. சீலையும் சாயமும் மாறவில்லை. மாறியது பெயருக்குரிய எண்.

நல்ல படத்துக்கும் சுமாரான படத்துக்கும் ஒரே விலையா என்று நீங்கள் கேட்பீர்கள். ஓம், ஒரே விலைதான். காரணம் இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு படங்களில் ஒன்றுக்கு விலையைக் குறைத்து எழுதினால், வாங்க வந்தவர் அதில் என்ன குறை என்றுதான் முதலில் கேட்பார். பிறகு அதை யாரும் தொடமாட்டார்கள். எது நல்ல படம் என்பது கலரிக்காரருக்கு நன்றாகத் தெரியும். அதை விலையில் காட்டாமல், யாருக்கு விற்பது என்பதில் காட்டுவார். நல்ல படம் நல்ல வீட்டுக்குப் போகும்.

விற்ற காசு ஓவியருக்குப் பாதி, கலரிக்குப் பாதி என்பது பொதுவழக்கம். பெரிய பெயர்கள் தங்களுக்குக் கூடுதலான பங்கு கேட்டு வாங்குவார்கள். பாதி என்பது அநியாயம் போலத் தோன்றும். அந்தப் பாதியில்தான் கலரி வாடகை கட்டுகிறது, கண்காட்சிப் புத்தகம் அச்சிடுகிறது, பாசல் போன்ற பெரிய கலைச்சந்தைகளில் இடம் பிடிக்கிறது, விமர்சகரையும் அருங்காட்சியகக் காப்பாளரையும் அழைத்து வருகிறது.

அடுத்த விதி இன்னும் கடுமையானது. விலை ஒருபோதும் இறங்கக்கூடாது. திருநெல்வேலிச் சந்தையில் பின்னேரம் ஆனால் கத்தரிக்காய் விலை இறங்கும், ஏனென்றால் நாளைக்கு அது வாடிவிடும். கலரிக்காரர் அப்படிச் செய்யமாட்டார். விலையை இறக்கினால் போன வருடம் கூடிய விலைக்கு வாங்கியவர் தான் ஏமாந்ததாக நினைப்பார். புதிதாக வாங்க வருபவர் இந்த ஓவியருக்கு மவுசு போய்விட்டது என்று நினைப்பார். அதனால்தான் தொடக்கத்தில் விலையைக் குறைத்து வைத்து, ஒரு கண்காட்சி முழுவதும் விற்றுத் தீர்ந்தபின், அல்லது ஓர் அருங்காட்சியகம் வாங்கியபின், படிப்படியாக ஏற்றுவார்கள். ஏறிய படியில் இருந்து இறங்க வழியில்லை என்று தெரிந்துதான் ஏறுவார்கள்.

சந்தை படுத்துவிட்டால்? ஆர்ட் பாசலும் யூ.பி.எஸ். வங்கியும் சேர்ந்து வெளியிடும் ஆண்டறிக்கையின்படி 2024இல் உலகக் கலை விற்பனை 12 வீதம் குறைந்து 57.5 பில்லியன் டொலருக்கு வந்தது. அப்படிப்பட்ட காலத்திலும் விலைப்பட்டியல் அப்படியே இருக்கும். கழிவு மட்டும் காதோடு காதாகக் கொடுக்கப்படும். வழக்கமான வாடிக்கையாளருக்கு நூற்றுக்குப் பத்து, அருங்காட்சியகத்துக்கு அதைவிடக் கூட. வெளியில் தெரியும் விலை கற்சிலை மாதிரி அசையாமல் நிற்கவேண்டும்.

பெண் கொடுப்பதுபோல

கடைக்காரர் காசைக் காட்டியவருக்குப் பொருளைக் கொடுப்பார். பெரிய கலரிக்காரர் அப்படிக் கொடுப்பதில்லை. அவர் விற்பது எங்கள் ஆட்கள் பெண் கொடுப்பதுபோல. மாப்பிள்ளை யார், எந்த ஊர், என்ன உத்தியோகம், முன்னே ஏதும் கதை உண்டா என்று விசாரிப்பார். இவரிடம் வேறு யாருடைய படங்கள் இருக்கின்றன? அருங்காட்சியகத்தின் சபையில் இருக்கிறாரா? வாங்கியதை வைத்திருப்பாரா, இரண்டு வருடத்தில் ஏலத்துக்குக் கொண்டுபோவாரா?

காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று சொல்வார்கள். வங்கி வரிசை மாதிரி முதலில் வந்தவருக்கு முதலில் என்று நினைக்கக்கூடாது. அருங்காட்சியகமும் பெரிய சேகரிப்பாளரும் நேற்று வந்தாலும் முன்னுக்கு நிற்பார்கள். புதியவர் காசைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நிற்பார். சில இடங்களில் இரண்டு படம் வாங்கி ஒன்றை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால்தான் மற்றது உங்களுக்கு என்பார்கள். விற்கும்போது கடதாசியும் எழுதுவார்கள்: இத்தனை வருடத்துக்கு மறுபடி விற்கக்கூடாது, விற்பதென்றால் முதலில் எங்களிடம் கேட்கவேண்டும் என்று.

ஏன் இவ்வளவு பயம்? ஏலத்தில் இரண்டு ஆபத்து உண்டு. படம் விலைபோகாமல் திரும்பினால் ஓவியரின் எண் எல்லோர் முன்னாலும் விழுந்துவிடும். கண்டபடி ஏறினாலும் கலரியின் படிக்கணக்குக் குழம்பிவிடும். 1973 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் நடந்த ஓர் ஏலத்தை இன்றும் சொல்வார்கள். ரொபேர்ட் ஸ்கல் என்ற ராக்சிக் கம்பெனி முதலாளி தன்னிடம் இருந்த படங்களை விற்றார். ரொபேர்ட் ரௌஷன்பேர்க் வரைந்த, 900 டொலருக்கு வாங்கிய ஒரு படம் 85,000 டொலருக்குப் போனது. ஓவியருக்கு ஒரு சதமும் இல்லை. ஏலம் முடிந்ததும் ரௌஷன்பேர்க் ஸ்கல்லைப் பிடித்துத் தள்ளினார்.

பெயரை உண்டாக்கியவர்கள்

ஓவியத்துக்குச் சந்தை தானாக வருவதில்லை. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்ற பழமொழி இங்கே செல்லாது. யாராவது ஒருவர் கொண்டுவர வேண்டும்.

பாரிசில் போல் டுரான்-ருயெல் என்ற வியாபாரி 1872 தொடக்கத்தில் எடுவார்ட் மனேயின் 23 படங்களை ஒரேயடியாக 35,000 பிராங்குக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் மனேயைப் பார்த்து ஊரே சிரித்தது. மோனே, ரென்வார், பிசாரோ என்று யாரும் தீண்டாத ஓவியர்களுக்குக் கடன்பட்டுக் காசு கொடுத்து, படங்களை வாங்கிக் குவித்து, 1886இல் நியூயோர்க்குக்குக் கொண்டுபோய்க் கண்காட்சி வைத்தார். அமெரிக்கர்கள் வாங்கத் தொடங்கியபிறகுதான் பாரிசுக்குக் கண் திறந்தது. இன்றைய கலரிகளின் வழிமுறைகள் பலவற்றுக்கு அவர்தான் முன்னோடி.

எங்கள் நகரத்திலும் அப்படி ஒரு கதை இருக்கிறது. 1962இல் ஜாக் பொலொக் என்ற ரொறன்ரோ கலரிக்காரர் வட ஒன்ராறியோவில் நோர்வல் மொறிசோ என்ற ஒஜிப்வே இளைஞரைச் சந்தித்தார். மொறிசோ தன் மக்களின் கதைகளைத் தடித்த கறுப்புக்கோட்டில் வரைந்துகொண்டிருந்தார். அதே ஆண்டு பொலொக் தன் கலரியில் கண்காட்சி வைத்தார். முதல் நாளே எல்லாம் விற்றுத் தீர்ந்தது. பழங்குடி மக்களின் படைப்பைக் கைவினைப்பொருளாக மட்டுமே பார்த்த நாடு, அதை நவீன ஓவியமாகக் கலரிச் சுவரில் பார்த்தது. படம் அதற்கு முதலும் அதே படம்தான்.

கள்ள உறுதி

பெயர் ஏறினால் போலியும் வரும். மொறிசோவின் பெயரில் வந்த போலிப் படங்கள் ஆயிரக்கணக்கில். 2023இல் ஒன்ராறியோ மாகாணப் பொலிசார் 8 பேர்மீது குற்றம் சாட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களைக் கைப்பற்றினார்கள்.

அதற்கு முன்னரே ஒரு வழக்கு நடந்தது. பெயர்நேக்கட் லேடீஸ் இசைக்குழுவின் கெவின் ஹேர்ன் 2005இல் மொறிசோவின் படம் என்று ஒன்றை 20,000 டொலருக்கு வாங்கினார். 2010இல் ஒன்ராறியோ கலைக்கூடத்தில் காட்சிக்குக் கொடுத்தபோது, சந்தேகம் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். படம் உண்மையா போலியா என்று முடிவுசெய்ய முடியவில்லை என்று சொல்லி முதல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு 60,000 டொலர் கொடுக்கச் சொன்னது. எதற்காக? படத்தோடு கொடுத்த கைமாறிய வரலாறு பொய் என்பதற்காக.

இதைக் கவனியுங்கள். நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது படத்தைப் பற்றி அல்ல, அதன் உறுதியைப் பற்றி. காணி விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு இது விளக்கத் தேவையில்லை. காணி எவ்வளவு நல்ல செம்பாட்டு மண்ணாக இருந்தாலும் உறுதி இல்லாவிட்டால் அதற்கு விலையில்லை. யார் யாருக்கு எழுதினார், எந்த ஆண்டில், எந்த நொத்தாரிசு முன்னால் என்று தோம்புவரை போய்ப் பார்ப்போம். ஓவியத்துக்கும் அதேதான். யார் வரைந்தார், எப்போது, எந்தக் கண்காட்சியில் இருந்தது, யார் வாங்கினார், யார் அதைப் பற்றி எழுதினார் என்ற சங்கிலிதான் அதன் உறுதி. நகையை உருக்கினால் செய்கூலி போனாலும் பவுன் மிஞ்சும். ஓவியத்தை உருக்க முடியாது. உறுதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சீலையும் சாயமும்தான்.

பெரிய கலரி விற்பது அந்த உறுதியை. கோடிக்கணக்கில் கொடுப்பவர், இந்தப் பெயரின் பின்னால் நாளைக்கும் ஆட்கள் நிற்பார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் கொடுக்கிறார்.

கொழும்பு விலை, இலண்டன் விலை

இனி எங்கள் கதை. கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ் இலண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பின்னணிக் கலைஞர். போர் 2009இல் முடிந்தபிறகு கொழும்பில் புதிய பணமும் புதிய கலரிகளும் வந்தன. அங்கே இலங்கைக் கலைஞர்களின் சமகாலப் படைப்புகள் விற்பனைக்கு வந்தன. குலேந்திரன் தோமஸ் என்ன செய்தார் என்றால், அந்தக் கலரிகளிலிருந்து படைப்புகளைக் காசு கொடுத்து வாங்கினார். அவற்றைத் தன்னுடைய அமைப்புகளுக்குள் பொருத்தி, மேற்கு நாட்டுக் கலரிகளுக்குப் பழக்கமான தோற்றத்தில் ஆக்கி, தன் படைப்பாக உலகச் சந்தையில் வைத்தார். 2010களின் தொடக்கத்தில் ஆரம்பித்த தொடர் அது. 1969இல் பேர்ண் நகரில் நடந்த, ‘மனப்பாங்குகள் வடிவமாகும்போது’ என்ற பெயர்பெற்ற கண்காட்சியின் தலைப்பைக் கிண்டல் பண்ணி, ‘தேய்ந்த வார்த்தைகள் வடிவமாகும்போது’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்.

இது சுரண்டல் இல்லையா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை எழுப்புவதுதான் அந்தப் படைப்பின் வேலை என்று நான் நினைக்கிறேன். கொழும்பில் ஒரு விலை, இலண்டனில் ஒரு விலை. நடுவில் நடந்தது என்ன? படம் கடலைத் தாண்டியது, பெயர் மாறியது, நிற்கும் சுவர் மாறியது. கலரிகள் மூடிய கதவுக்குப் பின்னால் செய்வதை அவர் எல்லோர் முன்னாலும் செய்து காட்டினார். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. இலங்கையில் இருந்து வரைபவருக்குத் தன் படத்தைத் தானே அந்தச் சுவருக்குக் கொண்டுபோகும் வழி இன்னும் குறுகலாகத்தான் இருக்கிறது.

சென்னையில் வேறொரு வழியைத் தேடியவர்கள் இருந்தார்கள். மதராஸ் கலை, கைவினைப் பள்ளியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். கலரியும் இல்லை, வாங்குபவரும் இல்லை. பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் காணி வாங்கினார்கள். வயிற்றுக்குப் பத்திக், மனத்துக்கு ஓவியம். அந்தக் குழுவில் இருந்த கே. ராமானுஜம் கனவுலக மாளிகைகளையும் விசித்திர மிருகங்களையும் பேனா மையில் இழைத்தவர். வறுமையிலும் தனிமையிலும் வாழ்ந்து 1973இல் இளவயதிலேயே போய்விட்டார். இன்று அவருடைய படங்கள் ஏலத்துக்கு வருகின்றன. அவருடைய சகாக்கள் சேர்ந்திருந்ததாலும், கிராமம் நிலைத்ததாலும், 2009இல் அங்கேயே மதராஸ் இயக்கத்துக்கு ஓர் அருங்காட்சியகம் வந்ததாலும்தான் அந்தப் பெயர்களின் உறுதி அறுந்துபோகவில்லை.

ஆந்தையும் ஆஸ்பத்திரியும்

விலை ஏறினால் யாருக்கு இலாபம் என்பதையும் சொல்லவேண்டும். இனுயிட் ஓவியர் கெனோஜுவாக் அஷேவக் 1960இல் செய்த ‘மயக்கும் ஆந்தை’ என்ற அச்சுப்படத்தைக் கனடாவில் தபால்முத்திரையிலும் பார்த்திருப்பீர்கள். முதலில் அதன் விலை 24 டொலர். பிற்காலத்தில் அதன் ஒரு பிரதி ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேல் விற்றது. அந்த ஏற்றத்தில் பங்குகேட்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை.

பிரான்சு 1920இலேயே அந்த உரிமையைச் சட்டமாக்கியது. படம் மறுபடி விற்கும்போதெல்லாம் ஓவியருக்கும், அவர் இறந்தபின் வாரிசுக்கும் சிறு பங்கு. பிரித்தானியாவில் 2006 முதல் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தோடு 53ஏ என்ற பிரிவு வந்தது. பத்தாயிரம் ரூபாவுக்கு மேல் மறுவிற்பனை நடந்தால் பத்து வீதம்வரை பங்கு உண்டு என்கிறது அது. ஏட்டில் இருக்கிறது, கைக்கு வருவது அபூர்வம். கனடாவில் இதற்காகக் கலைஞர் அமைப்பான கார்ஃபக் பல வருடங்களாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறது.

2025 மார்ச்சில் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்திரை’ 13.75 மில்லியன் அமெரிக்க டொலருக்குப் போனது. எதிர்பார்த்தது இரண்டரை முதல் மூன்றரை மில்லியன்தான். 1954இல் டில்லியில் உலக சுகாதார நிறுவனத்துக்காக வேலைசெய்த ஒரு வைத்தியர் அதை வாங்கினார். பிறகு ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். பல பத்தாண்டுகள் அது அங்கேயே இருந்தது. விற்ற காசு அங்கே வைத்தியர்களைப் பயிற்றுவிக்கப் போகிறது. ஓவியருக்குப் பங்கு கொடுக்கும் சட்டம் அமெரிக்காவில் இல்லை. ஆனாலும் அந்தப் படம் எழுபது வருடம் தப்பியிருந்தது. ஏன்? யார் வாங்கினார், எப்போது, யாரிடமிருந்து யாருக்கு என்பது எழுத்தில் இருந்தது.

எங்கள் சுவர்கள்

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். குருநகரில் பிறந்த ஓவியர் மாற்கு ஒரு தலைமுறைக்கே ஓவியம் கற்றுக்கொடுத்தவர். 1987இல் அவரைப் பற்றி ‘தேடலும் படைப்புலகமும்’ என்று ஒரு சிறப்பு மலர் வந்தது. அந்த மலரும் ஒரு வகையில் உறுதிதான். பிறகு போரும் இடப்பெயர்வும் வந்தன. எங்கள் ஓவியர்களின் படைப்புகளில் எத்தனை எங்கே போயின என்று முழுக்கணக்கு யாரிடமும் இல்லை. இதோடு கொழும்பின் ‘43 குழுவை’ ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் குழுவில் ஒருவரான ஹரி பீரிஸ் தன் வீட்டையே சபுமல் நிறுவனமாக்கி, நண்பர்களின் படங்களைச் சேர்த்து வைத்தார். இன்று ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் பெயர்கள் உலக ஏலங்களில் நிற்பதற்குக் கீழே அந்த மாதிரிச் சேகரிப்புகள் அத்திவாரமாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஓவியர் தா. சனாதனன் போன்றவர்கள் ஆவணக்காப்பகம் அமைத்துச் செய்துவருவதும் இந்த வேலைதான்.

இங்கே எங்கள் பக்கத்தில் நடப்பதைப் பார்க்கிறேன். மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சி. முதல் நாள் 800 டொலர் என்று எழுதிய படம், கடைசி நாள் மாலையில் 300க்குப் போகும். முதல் நாள் 800 கொடுத்தவர் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்பார். இன்னொரு இடத்தில், நிதிசேகரிப்புக்குப் படம் தாருங்கள், பெயர் வரும் என்பார்கள். கனடாவில் படத்தைக் காட்சிக்கு வைப்பதற்கே ஓவியருக்குக் கட்டணம் கொடுக்கும் உரிமை 1988இலேயே பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்துவிட்டது என்பது எங்கள் அமைப்பாளர் பலருக்குத் தெரியாது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஓவியர்களே, உங்கள் எண்ணைக் குறைவாகத் தொடங்குங்கள், ஆனால் மாலைநேரத்தில் இறக்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு எழுதுங்கள். ஒரு கொப்பியில் எண் போட்டு, யாருக்கு எப்போது கொடுத்தீர்கள் என்று பதியுங்கள். அமைப்பாளர்களே, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு கொடுக்கிறீர்கள், சுவரில் தொங்கும் படத்துக்கும் கொடுங்கள். விலைப்பட்டியலோடு ஒரு சின்னப் புத்தகமாவது அச்சிடுங்கள். எழுத்தாளர்களே, நாங்கள் நாவலுக்கு எழுதுவதுபோல ஓவியக் கண்காட்சிக்கும் விமர்சனம் எழுதவேண்டும். எழுதாமல் விட்டது நடக்காததாகிவிடும்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. றிச்மண்ட் ஹில்லில், மார்க்கத்தில், ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் வீடு கட்டி, சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகக் கடையில் அச்சுப்படம் வாங்கி மாட்டுகிறார்கள். அந்தக் காசில் எங்கள் பிள்ளைகளில் ஒருவர் வரைந்த படத்தை வாங்கலாம். விலை ஏறும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பெரும்பாலான படங்களின் விலை ஏறுவதில்லை. வாங்கும்போது பற்றுச்சீட்டு கேளுங்கள். ஓவியரின் கையெழுத்தோடு ஒரு கடதாசி கேளுங்கள். அதைக் காணி உறுதி இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளை ஒருநாள் அந்தக் கோப்பைத் திறந்து, இது யார் வரைந்தது என்று தேடிப்போகலாம்.